போன தடம்

தம்பிக்கு,

பதிமூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே.

நேற்று மகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். மேலகரம் வழியாகப் போய், இலஞ்சி வழியாகத் திரும்பினேன். ஈரத் தலையோடு ஸ்கூட்டரில் பின்னால் இருந்தவள், "வந்த ரோட்டுலயே போனா என்னப்பா? இங்கன யாரு நம்மளச் சுடப் போறா?" என்று சிரித்தாள்.

காஷ்மீரில் என் தலைமையில் போன அந்த ராணுவ ரோந்து முடிந்தபோது ஆறு பேரும் களைத்திருந்தோம். வந்த பாதையிலேயே இறங்கலாம் என்று உத்தரவிட்டேன். நீ மட்டும் நின்றுவிட்டாய்.

"போன தடத்துல திரும்பக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொல்லிக் குடுத்திய? நான் வரமாட்டேன்."

எல்லார் முன்னாலும் உன் கன்னத்தில் அறைந்தேன். அப்படியும் நீ அசையவில்லை. கடைசியில் மறு சரிவில் இறங்கினோம்.

மறுநாள் அந்தப் பாதையில் இரண்டு கண்ணிவெடிகளை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இவள் பிறந்தாள்.

நான் அறைந்ததை நீ மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாய். என் பதவி உயர்வு போயிற்று. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். உன் வீட்டைக் கடக்கக் கூடாதென்றுதான் சுரண்டைக்குக்கூட பாவூர்சத்திரத்தை விட்டுச் சுந்தரபாண்டியபுரம் வழியாகப் போகிறேன். அந்த வழி நெடுகப் பூக்கும் சூரியகாந்தி அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவள் முகத்தை நான் பார்த்தது உன்னால். அதற்கு ஒரு நன்றிகூட இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு பாவூர்சத்திரத்துக்கே வருகிறேன். ஏன் வந்த வழியில் திரும்புவதில்லை என்று நீயே அவளிடம் சொல். நான் அறைந்ததையும் விட்டுவிடாதே.

உன் அண்ணாச்சி