பேச்சு அதிகம் தேவைப்படாத இடம்

மார்ச் 4
நீர்மட்ட நிலையம், சதுப்பு நிலம்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

என்னை இங்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டே வண்டி ஏறினேன் அல்லவா? வந்து பார்த்தால் சொர்க்கம். கண்ணுக்கெட்டிய தூரம் நாணல். காலையில் தண்ணீர்மேல் பனி மெல்லிய சேலைபோல் மிதக்கிறது. நாரைகள் நடனமாடுகின்றன. தென்றல் என் காதில் உன் பெயரைச் சொல்கிறது. தண்ணீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று குறிப்பது ஒரு மணி நேர வேலை. மீதி நேரமெல்லாம் உன் நினைவுதான். ஒரு மாதம் லீவு போட்டு வந்துவிடேன்.

உன் கணவன்


மார்ச் 11
தலைமை அலுவலகம்

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே உங்கள் மாத அறிக்கையும் வந்தது. அதைத் தட்டச்சு செய்பவள் நான்தான் என்பது மறந்துபோயிற்றா?

'நிலையம் முழங்காலளவு சேற்றில் உள்ளது. அட்டைத் தொல்லை தாங்கவில்லை. நாணல் பார்வையை மறைக்கிறது. மூடுபனியில் அளவுகோலைப் படிக்க முடியவில்லை. பறவைகளின் ஓயாத கூச்சலால் ஊழியரின் உறக்கம் கெடுகிறது. மனிதர் வசிக்க ஏற்ற இடமல்ல. ஒரு படகும் ஓர் உதவியாளரும் உடனடித் தேவை.'

மேலாளர் படித்துவிட்டு, "ஏம்மா, உன் வீட்டுக்காரர் உசிரோடதான் இருக்காரா?" என்று கேட்டார். "நாரை ஆடுறதப் பார்த்துட்டிருக்கார் சார்" என்றேன்.

அந்த உதவியாளர் வேலைக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறீர்களா? தென்றல் என் பெயரைச் சொல்கிறதாம். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் நீங்களே சொன்னதில்லை. 'ஏய்'தான்.

இரண்டிலும் 'நானல்' என்று எழுதியிருந்தீர்கள். 'நாணல்' என்று திருத்திவிட்டேன்.

உங்கள் மனைவி,
தட்டச்சுப் பிரிவு


மார்ச் 19

அன்பானவளே,

கோபித்துக்கொள்ளாதே. இரண்டிலும் இருப்பது அதே பனி, அதே நாணல் (சரிதானே?). ஆபீசுக்கு அழகாக எழுதினால் படகு வராது. உனக்கு உள்ளபடி எழுதினால் நீ வரமாட்டாய். நான் என்னதான் செய்வது?

சேறு பழகிவிட்டால் மெத்தென்று இருக்கிறது. அட்டையும் கெட்ட ரத்தத்தைத்தான் உறிஞ்சுமாம். வந்துதான் பாரேன்.

உன் கணவன்


மார்ச் 27

படகு கேட்ட கோப்போடு உங்கள் பழைய தாள்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அதில் உங்கள் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்.

'பேச்சு அதிகம் தேவைப்படாத இடம் எதுவானாலும் எனக்குச் சம்மதம். சதுப்பு நிலம் அமைதியும் தனிமையும் நிறைந்தது என்று கேள்விப்பட்டேன். அது கிடைத்தால் மிக நன்று.'

தேதி, உங்கள் அண்ணன் வீட்டு விருந்துக்கு மறுநாள். யாரும் உங்களைத் தூக்கிப் போடவில்லை. நீங்களே குதித்திருக்கிறீர்கள்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதிவிட்டீர்கள். மூன்று முறையும் ஏதோ ஒன்று வேண்டித்தான் எழுதினீர்கள். எதுவும் வேண்டாமல் ஒருமுறை எழுதுங்கள். முடியாவிட்டால் எழுதவே வேண்டாம்.


ஏப்ரல் 6

ஆறு தாள் கிழித்துவிட்டேன். இது ஏழாவது.

இங்கே தண்ணீர் பழுப்பு நிறம். நாணல் என் தலைக்கு மேல் இரண்டு முழம். அது அசைந்தால் காற்றா மிருகமா என்று தெரிவதில்லை. நாரை ஆடி நான் பார்த்ததே இல்லை. ஒற்றைக் காலில் நெடுநேரம் நிற்கும். நானும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அண்ணன் வீட்டில் நான் சொன்ன ஒரு கதையை ஏழு இடத்தில் திருத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ திருத்தியதெல்லாம் சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மறுநாள் விண்ணப்பம் எழுதினேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

நேற்று ஒரு நீர்நாய் குட்டிகளோடு நீந்திப் போனது. "நாலு குட்டி" என்று வாய்விட்டுச் சொன்னேன். 'அஞ்சு' என்று சொல்ல ஆளில்லை. திரும்ப எண்ணிப் பார்த்தேன். அஞ்சுதான்.


ஏப்ரல் 17

அன்புள்ளவருக்கு,

நாலு தடவை படித்தேன். சகிக்க முடியாத இடம் என்று புரிகிறது. சொர்க்கம் என்று எழுதியபோது வரத் தோன்றவில்லை. இதைப் படித்த பிறகு தோன்றுகிறது.

விருந்தில் எல்லோரோடும் நீங்களும் சிரித்தீர்கள். அதனால் உங்களுக்கும் வேடிக்கையாக இருந்தது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன்.

லீவு கேட்டபோது மேலாளர், "அந்த இடத்துக்கா போற? அறிக்கைய நீதானம்மா டைப் அடிச்ச?" என்றார்.

"அது ஆபீசுக்கு எழுதினது சார். எனக்கு எழுதினது வேற" என்றேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி