நீ வளர்த்த தாடி

மச்சான்,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. மேனாம்பேட்டில் மாலை வகுப்புக்குப் போய் இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பஸ் போர்டு, பால் கவர், சுவர் விளம்பரம் எதையும் விடுவதில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போன வாரம் டீச்சரம்மா, அவரவர் போனில் இருப்பதைப் படித்து வரச் சொன்னார். என் பட்டன் போனில் திறக்காத மெசேஜ் நிறைய. எல்லாம் கம்பெனிக்காரன் அனுப்புவது என்றே இருந்துவிட்டேன். நடுவில் ஒன்று உனக்கு வந்தது.

கொரட்டூர் கல்யாண மண்டபத்தில் சினிமாவுக்கு ஆள் எடுத்தார்களே, தாத்தா வேஷத்துக்கு. அதற்காக இரண்டு மாதம் தாடி வளர்த்தாய். வாட்ச்மேன் வேலையில் சூப்பர்வைசர் திட்டியும் எடுக்கவில்லை. உன் சம்சாரம்கூட, "தாடி வெச்சிகினா நடிகனா?" என்று கேட்டது.

மகன் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்கிறான், நடித்துக் காட்டுங்கள் என்றார்கள். உனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நீ துண்டை உதறித் தோளில் போட்டாய். வாசல் வரை போய்த் திரும்பி, "நீ துன்னியாடா?" என்றாய். அவ்வளவுதான். உடனே உன் போன் நம்பரைக் கேட்டார்கள்.

உன்னிடம் போன் இல்லாததால் என் நம்பரைக் கொடுத்தோம். கூப்பிட்டால் மணி அடிக்கும் என்றுதான் இருவரும் நினைத்தோம். படிப்பு இல்லாத நமக்கு வேறு என்ன தோன்றும்? தினமும் டீக்கடையில், "இன்னா மாமே, போன் வந்துச்சா?" என்பாய். வரவில்லை என்பேன். ஒருநாள் நீ கேட்கவில்லை. மழித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தாய். "பேத்தி பயப்படுது, எட்த்துட்டேன்" என்றாய். அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

மெசேஜை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பார்த்து எழுதுகிறேன்: "ஐயா, உங்களைத் தேர்வு செய்திருக்கிறோம். புதன் காலை எட்டு மணிக்கு வரவும். தாடியை எடுக்க வேண்டாம்."

நானாகப் படித்த முதல் கடிதம் இதுதான், மச்சான்.

உன் சம்சாரத்துக்கு இன்னும் தெரியாது. படிக்கத் தெரியாது என்று இனி நான் ஒதுங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். படித்துக் காட்டினால் உன் சம்சாரம் என்ன சொல்லுமோ தெரியவில்லை. எதுவானாலும் அடுத்த வாரம் ஒரு சொல் விடாமல் உனக்கு எழுதுவேன்.