இருட்டில் வளர்ந்த ஈக்கள்

டிசம்பர் 3
புயல் இன்னும் கரை கடக்கவில்லை. லேபில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. முட்டையிட்ட பழ ஈக் குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு, வாலாஜாபாத்தில் பஸ் பிடித்து வீடு வந்தேன். அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "ஊரான் பட்டுப் பொடவ, முந்தானையில குச்சம் கட்டக் குடுத்துக்கீறாங்க. பூச்சி ஒக்காந்து கறையாச்சுன்னா நானு இன்னா பதில் சொல்றது?" குழாய்களைக் காலிச் சேலைப் பெட்டியில் அடுக்கி, மூடி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

டிசம்பர் 6
ஈக்கள் செத்திருக்குமோ? சாவி அம்மாவின் இடுப்பில்.

டிசம்பர் 12
லேப் திறந்தது. ஈக்கள் பிழைத்திருக்கின்றன. இப்போது அதுதான் பிரச்சினை.

ஈயின் கண்ணில் ஒளியை வாங்கும் செல்லுக்கு முகம் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். எது முகம் என்று செல்லுக்குச் சொல்வது ஒரு கொழுப்பு மூலக்கூறு. அதை உண்டாக்கும் ஜீனைக் கெடுத்தால் முகமே உருவாகாது. நாலு வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். ஜர்னலில் என் பேப்பரையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், தெளிவான படம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஈக்கண்ணின் ஒவ்வொரு சிற்றறையிலும் ஏழு புள்ளிகள் தெரியும்; ஒரு புள்ளி, ஒரு செல்லின் முகம். நான் ஜீனைக் கெடுத்து வைத்திருக்கும் இந்த ஈயில் அவை கலைந்து கிடக்க வேண்டும். ஏழும் ஜம்மென்று வரிசையில் நிற்கின்றன!

குழாய் மாறிப்போச்சா? லேபிளை மாத்தி ஒட்டிட்டேனா? ஐயோ.

டிசம்பர் 14
டிஎன்ஏ பார்த்தாயிற்று. அதே ஈதான். பின்னே எப்படி? லேபில் எப்போதும் விளக்கு எரியும். பீரோவுக்குள் வெளிச்சம் ஏது?

டிசம்பர் 27
பாதிக் குழாய்களை வெளிச்சத்திலும் பாதியைக் கறுப்புத் துணிக்குள்ளும் வளர்த்தேன். வெளிச்சத்தில் வளர்ந்தவை கலைந்திருக்கின்றன, இருட்டில் வளர்ந்தவை கச்சிதம். ஆக, கொழுப்பு இல்லாமலே முகம் உருவாகிறது. வெளிச்சம் பட்டபின் அதைக் காப்பாற்றத்தான் கொழுப்பு வேண்டும். பேப்பரின் தலைப்பே தப்பு.

வெளிச்சத்தில் வளர்ந்த ஈயின் படத்தையே அனுப்பினால்? அது பொய்ப் படம் இல்லையே. யாருக்குத் தெரியப் போகிறது — எனக்குத் தெரியுமே.

டிசம்பர் 28
என் கைடு வைதேஹி மேடத்திடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.
"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"
"இல்ல மேடம்."
"சொல்லாதே."

அவருடைய புரமோஷனும் இந்தப் பேப்பரில்தான் தொங்குகிறது. அமுக்கிவிடுவாரோ? எனக்கு ஃபெல்லோஷிப் மார்ச்சோடு சரி.

ஜனவரி 3
மேடம் என்னோடு பேசுவதில்லை.

ஜனவரி 9
மேடம் கூப்பிட்டார். "நானே ஒரு தரம் வளர்த்துப் பார்த்துடணும்னுதான் அன்னிக்குச் சொல்ல வேண்டாம்னேன். நீ சொன்னதேதான் வந்திருக்கு. ஜர்னலுக்கு எழுதிட்டேன், பேப்பரைத் திரும்ப வாங்கிண்டாச்சு." குரல் தேய்ந்திருந்தது. அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் ஆவும்மா" என்றேன். அம்மா குச்சத்தில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"அப்போ நாளிக்கி சோறு கட்டணுமா, வேணாமா? அத்த சொல்லு."

கட்டும்மா என்றேன்.