‘போறேன்’ என்று சொன்ன வெள்ளிக்கிழமை

3 பிப்ரவரி 1969, திங்கள். ஹனோவர்.

விடிந்ததிலிருந்து பனி. சத்தமே இல்லை. டிராம் எட்டு நிமிஷம் தாமதம்.

வாங்க வேண்டியவை: பால், உருளைக்கிழங்கு, பேனா மை, செண்பகத்துக்குக் கம்பளிக் காலுறை.

டிராமில் பயிற்சி. மூன்றாவது வாரம். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் டீட்டர் கொடுத்த புத்தகம்தான் காரணம். ஸ்டோயிக் ஞானிகள். கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இருந்தவர்கள். நான் எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு. உன் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக்கொள், இல்லாததற்காக அடித்துக்கொள்ளாதே. அப்புறம், எதை இழக்கப் பயமோ அதைத் தினம் ஒரு தடவை இழந்துவிட்டதாக நினைத்துப் பார், பழகிவிடும்.

என் கையில் இல்லாதவை: டிராம். பனி. பேராசிரியரின் முகம். பெருங்காயம் தாளித்தால் கீழ் வீட்டு அம்மாள் கதவைத் தட்டுவது. செ.யின் வயிறு.

கடைசியை எழுதவே கை தயங்கியது. எட்டாம் மாதம். போன மாதம் கொஞ்சம் இரத்தம் பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்துக் கிடக்கிறதாம். படுக்கையை விட்டு எழக்கூடாது, இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன், அதற்குள் இரத்தப்போக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து என்று டாக்டர் நேராகவே சொன்னார். செ.க்கு ஜெர்மன் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை. “ரெஸ்ட் எடுக்கச் சொல்றார்” என்றேன்.

மதுரையில் போன தடவை ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை.

5 பிப்ரவரி, புதன்.

பகல் முழுக்க அலை வாய்க்கால். நாற்பது மீட்டர் நீளத் தொட்டி, ஒரு முனையில் இரும்புப் பலகை தள்ளிக்கொண்டே இருக்கும், மறு முனையில் நான் கட்டிய சின்னக் கடற்சுவர். அலை வரும், ஏறும், இறங்கும். உயரத்தைக் குறிக்க வேண்டும். இருநூறு அலைக்கு மேல் குறித்தபின் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. கூரைக் கண்ணாடியில் பனி படிந்து கொட்டகை முழுக்கப் பால் வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் நிற்பது போலிருந்தது. செ. வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் வெளிச்சமாக இருக்குமோ?

டீட்டர் தோளைத் தட்டினான். “எத்தனை அலையைக் குறிக்காமல் விட்டாய்?” பதினாலு விட்டிருக்கிறேன்.

பயிற்சி இன்று நன்றாக வந்தது. செ. இல்லாத வீடு. நான் ஜன்னலோரம் நிற்கிறேன். பதற்றம் இல்லை. டிராமை விட்டு இறங்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

செ.யிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. “வாயில நல்ல வார்த்தையே வராதா” என்பாள். ஊரில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூடத் தீர்ந்தது என்று சொல்லமாட்டார்கள், நிறைந்தது என்பார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவன் நான்.

காலுறை வாங்க மறந்தேன்.

7 பிப்ரவரி, வெள்ளி.

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புத்தகத்தில் படித்தது: ஒவ்வொரு முறை பிரியும்போதும் இதுவே கடைசி என்று மனத்துக்குத் தெரிந்திருக்கட்டும். நானோ தினமும் வாசலில் ‘போயிட்டு வரேன்’ என்கிறேன். வருவேன் என்பது என் கையிலா இருக்கிறது? டிராம் கவிழலாம். ஒரு நாளாவது உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. பெரிய ஞானி!

“செண்பகம், போறேன்.” கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

டிராம் நிறுத்தத்தில் நிற்கிறேன். பின்னால், “என்னங்க! என்னங்க!” இரவு உடையின் மேல் என் பழைய கோட்டு, காலில் என் பெரிய பூட்ஸ், பனியில் வழுக்கி வழுக்கி வருகிறாள். மூன்று மாடி இறங்கி. இரண்டு வாரமாகத் தண்ணீர் குடிக்கக்கூட எழாதவள்.

“உனக்கென்ன பைத்தியமா? எதுக்கு எழுந்த?”

“சொல்லுங்க. போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

“முதல்ல மேல வா.”

“சொல்லுங்கன்னா!”

சொன்னேன். டிராமுக்குக் காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அடிவயித்துல இழுக்குதுங்க.” எழுந்தபோது படியில் இரத்தம்.

ஃபோன் இருப்பது கீழ் வீட்டு அம்மாளிடம் மட்டும். ஒரு வார்த்தை கேட்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வண்டி வரும்வரை படியிலேயே உட்கார்ந்து செ.யின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

8 பிப்ரவரி, சனி.

இரத்தம் நின்றிருக்கிறது. குழந்தையின் துடிப்பு இருக்கிறது. இன்னும் ஒரு வாரமாவது உள்ளேயே இருந்தால் நல்லது என்கிறார் டாக்டர். மறுபடி ஆரம்பித்தால் காத்திருக்க மாட்டார்களாம்.

பார்வையாளர் நேரம் மூன்று முதல் நான்கு. அறையில் இன்னும் இரண்டு பெண்கள். செ. கண்ணை மூடியே இருந்தாள். நான் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்கு மணி அடித்தார்கள். “போயிட்டு வரேன்” என்றேன். கதவருகே போய்த் திரும்பி வந்து மறுபடியும் சொன்னேன். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

10 பிப்ரவரி, திங்கள்.

வீட்டில் அவளுடைய புடவை நாற்காலியில் மடித்தபடி. தொடவில்லை. காலையில் உப்புமா செய்தேன். களி.

அலை வாய்க்காலில் உட்கார்ந்தபடியே ஒரு கனவு. தொட்டியின் அந்த முனையில் செ. முட்டி அளவு தண்ணீரில் நிற்கிறாள், சேலைத் தலைப்பு மிதக்கிறது, ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் தள்ளிப் போகிறாள். பதற்றமே இல்லாமல் நான் உயரம் குறிக்கிறேன். விழித்ததும் எழுந்து தொட்டியின் அந்த முனைவரை நடந்து போய்ப் பார்த்தேன். இதற்காகவா மூன்று வாரம் பாடுபட்டேன்?

டீட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். “அவள் படி இறங்கியது உன் கையில் இல்லை” என்றான், சமாதானமாக.

“அந்த வார்த்தை என் கையில் இருந்தது” என்றேன். அவன் போய்க் காபி கொண்டுவந்தான்.

உண்மை அதுதான். ‘செ.யின் வயிறு’ என்று இல்லாதவை பக்கத்தில் எழுதி வைத்தேனே, அதில் பாதி என்னுடையது. டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாளா? மொழிபெயர்ப்பது என் கையில் இல்லையா? பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு ஞானம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

12 பிப்ரவரி, புதன்.

வெயில். அபூர்வம். ஜன்னல் வழியாக அவள் போர்வை மேல் விழுந்து கிடந்தது. மற்ற இரண்டு பேரும் தூக்கம்.

“அன்னைக்கு ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், டாக்டர், தினம் டிராமில் அவளை இழந்து பார்த்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“டாக்டர் சொன்னது தெரியும். அவர் பத்து நிமிஷம் பேசினார். நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சீங்க. மூஞ்சி வேற அப்படி இருந்துச்சு.” என் பக்கம் திரும்பி, “சரி, நான் செத்துப்போனேன். நீங்க என்ன பண்றீங்க?”

“அமைதியா இருக்கேன்.”

“அமைதியா இருந்து?”

என் பயிற்சி நான் ஜன்னலோரம் கம்பீரமாக நிற்பதோடு முடிந்துவிடும்.

“எங்கப்பாவுக்குத் தந்தி கொடுத்தீங்களா? பிள்ளைக்குப் பால் யாரு ஆத்துறா? ஒண்ணும் இல்லையா?” சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “நானும்தாங்க நினைச்சுப் பார்த்தேன். தினமும். படுத்தே கிடந்தா வேற என்ன வேலை? யார்கிட்ட சொல்றது?”

சொல்ல ஆரம்பித்தாள். தணிந்த குரலில், விட்டத்தைப் பார்த்தபடி. பிள்ளை பிழைத்து அவள் இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடக் கூடாது. நானே வளர்க்க வேண்டும். அவள் தங்கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள், தங்கைக்குப் பிடித்தால் மட்டும்தான். மதுரையில் போன அந்தப் பிள்ளையும் பெண்தான், அதையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்து எண்ண வேண்டும்.

அது பெண் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

“வாயைக் கழுவுடி” என்று அவள் வாயைப் பொத்தினேன். நான்தான். மூன்று வாரம் பயின்றவன். அவள் என் கையை எடுத்து ஓரமாக வைத்தாள். “ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்ல. நீங்கதானே இருக்கீங்க. கேளுங்க.”

கேட்டேன். கடைசிவரை கேட்டேன். மணி அடிக்கும்வரை அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

13 பிப்ரவரி, வியாழன்.

மறுபடி பனி. காலுறை வாங்கினேன், சிவப்பு. ஆஸ்பத்திரியில் இருவருமாக ஒரு ஆரஞ்சுப் பழத்தை ஒரு மணி நேரம் தின்றோம்.

டிராமில் பயிற்சி இல்லை. வழி முழுக்க மரங்கள், மரங்கள், வெள்ளை.

14 பிப்ரவரி, வெள்ளி.

காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்துக்கு ஃபோன். மறுபடி இரத்தம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டீட்டர் தன் காரில் கொண்டுவந்து விட்டான்.

தாழ்வாரம். பச்சைத் தரை, மரப் பெஞ்சு. என் கையில் உள்ளவை என்று பட்டியல் போடப் பார்த்தேன்: தொப்பி. அதற்கு மேல் வரவில்லை.

பயமாக இருந்தது. அவ்வளவுதான். அடக்கப் பார்க்கவில்லை. முருகா, முருகா என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு கிழவர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு நர்ஸ் வந்தாள். பெண். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மூச்சு தானாகவே விடுகிறாள். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். டாக்டர்தான் சொல்வார் என்று போய்விட்டாள்.

ஒன்றரை மணி வரை டாக்டர் வரவில்லை. அந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

வந்தார். நிறைய இரத்தம் போய்விட்டது, ஏற்றியிருக்கிறார்கள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இனி குழந்தை கிடையாது. “ஆனால் உங்கள் மனைவிக்கு ஆபத்து இல்லை. தூங்குகிறார்.” அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவே இல்லை. அவராக விடுவித்துக்கொண்டார்.

சற்று முன் அந்த நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். குழந்தையின் பெயர்? யோசிக்கவே இல்லை. பிறக்கும் முன் அதைப் பேசினதே இல்லை.

“நீங்களே ஒன்று சொல்லலாமே, அப்பாதானே?”

“அவள் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனாள்.

செ.யை நான்கு மணிக்கு மேல்தான் எழுப்பலாமாம். இப்போது இரண்டு பத்து.