தொட்டி வாசலில் நின்றவன்

என் உயிர் மச்சான் குமரேசா,

நீ இருந்திருந்தால் இதை நான் எழுதவே வேண்டியிருக்காது. உம்பாய்க் கடற்கரையில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் மீன் கடையில் உட்கார்ந்து வாயாலேயே சொல்லி முடித்திருப்பேன். ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றது. உன் தம்பி சேகர் உயிரோடு இருக்கிறான். பதறாதே.

நெஞ்சுவலியில் நீ திடீரென்று போனதும் நம்ம கேங்கில் எல்லாம் இடம் மாறிவிட்டது. வேலை அதே வேலைதான், ஆலை ஆலையாகப் போய் எண்ணெய்த் தொட்டி கழுவுவது. ராம்லான்தான் இப்போதும் தலைவன். காற்றைச் சோதிப்பதும், ஆபத்து என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே இறங்குவதும் அவன். லாரியும் பம்பும் தொட்டிக்குள் காற்று ஊதும் காற்றாடியும் ஆ ஹோக் கையில். உள்ளே போய்ச் சேறு அள்ளிக்கொண்டிருந்த என்னை, "உன் முட்டி இனிமே தாங்காது லா" என்று சொல்லி, ராம்லான் உன் இடத்தில் நிறுத்திவிட்டான். என் இடத்துக்கு சேகர் வந்தான்.

தொட்டி வாசலில் நிற்கிறவன். சும்மா நிற்கிற உத்தியோகம் என்று உன்னை எவ்வளவு கேலி பண்ணியிருப்போம்! நீயும் சிரிப்பாய். உள்ளே இருந்த காலத்தில் நான் பயந்ததே இல்லை, மச்சான். கையில் மண்வெட்டி, உடம்பெல்லாம் வேர்வை, பயப்பட ஏது நேரம்? வெளியே வந்து, உள்ளே போகிறவன் இடுப்பில் கட்டிய உன் கயிற்றைப் பிடித்த பிறகுதான் பயம் வந்தது. உள்ளே இருக்கிறவன் இருமினால் இங்கே எனக்கு மூச்சு நிற்கிறது. வீட்டில் பிள்ளை குளிக்கப் போய்ச் சத்தமே இல்லையென்றால் எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறேன். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ராணி திட்டுகிறாள். உனக்கும் இப்படித்தான் இருந்ததா? ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே.

அன்றைக்கு ஒரு பழைய செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. சுமத்ராவில் காடு எரிகிறதாம், அந்தப் புகை இங்கே வந்து ஊரையே மூடியிருந்தது. ராம்லான் காற்றைச் சோதித்துத்தான் சேகரை உள்ளே அனுப்பினான். யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். அடியில் இறுகிக் கிடந்த சேற்றை சேகர் குத்தி உடைத்திருக்கிறான், அதற்குள் அடைந்து கிடந்த வாயு கிளம்பிவிட்டது.

"சேகர்!" என்று கூப்பிட்டேன். "ம்" என்றான். கொஞ்சம் விட்டு மறுபடியும் கூப்பிட்டேன். பதில் இல்லை. குனிந்து டார்ச் அடித்தேன். முகம் ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றில் கிடந்தான், மச்சான். நாலெட்டு வைத்தால் தொட்டுவிடலாம். கயிற்றை இழுத்தேன். அது உள்ளே இருக்கிற ஆவிக்குழாயில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியதே தவிர அவன் அசையவில்லை.

கையிலிருந்த அபாய ஹார்னை அழுத்தினேன். ராம்லான் லாரிக்கு ஓடி முகமூடிக்கான காற்று சிலிண்டரைத் தோளில் மாட்ட ஆரம்பித்தான். அதற்குள் ஆ ஹோக் பம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். முகமூடி இல்லை, ஒன்றுமில்லை. வந்த வேகத்தில் தலையை உள்ளே நுழைக்கப் பார்த்தான். நான் வாசலை மறித்து நின்றுகொண்டு அவன் சட்டையைப் பிடித்தேன்.

"விடு! செத்துப் போயிடுவான்!" என்று மலாயில் கத்தினான்.

"நீ போனா ரெண்டு பேரும் சாவீங்க! காற்றாடியப் பாரு, போ!"

என் நெஞ்சில் ஒரு குத்து விட்டான். நான் நகரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே திரும்பிப் போய்க் காற்றாடியைப் பிடித்தான். ஆ ஹோக்கை நான் தடுத்துவிட்டேன். என்னைத் தடுக்க யார் இருந்தார்கள்? என் ஒரு கால் உள்ளே போய்விட்டது, மச்சான். அதை வெளியே இழுத்துக்கொண்டதுதான் நான் இந்தப் பிறவியில் செய்த பெரிய வேலை. சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

ராம்லான் முகமூடியோடு போய்க் கயிற்றை விடுவித்தான். நானும் ஆ ஹோக்கும் இழுத்தோம். வெளியே வந்தபோது சேகர் முகம் நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் உன் அம்மா. என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார்.

"ஏன்டா தங்கராசு, எட்டுற தூரத்துலதானே கிடந்தான்? நீ வெளியில நின்னு வேடிக்கை பாத்தியாமே! எங் குமரேசன் இருந்திருந்தா குதிச்சிருப்பான்டா!"

ராம்லான்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "நீயும் உள்ளே விழுந்திருந்தா நான் யாரை முதல்ல இழுக்கறது? சொல்லு" என்றான். புரிகிறது. ஆனாலும் அம்மா சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. நீ குதித்திருப்பாயா, மச்சான்? வாசலில் நீ, உள்ளே உன் கூடப் பிறந்தவன். நீ என்ன செய்திருப்பாய்? உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

சேகர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். இருமல்தான் இன்னும் விடவில்லை. "ஃபேக்டரி வேலைக்குப் போயேன்டா" என்று சொல்லிப் பார்த்தேன். "வாசல்ல நீங்க நிப்பீங்கன்னா நான் திரும்பி வர்றேன் அண்ணே" என்கிறான். இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, இன்னும் பயப்படுவதா?

போன ஞாயிறு சுங்கை ரம்பாயிலிருந்து பஸ் ஏறி உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ராணி கொடுத்த காப்பியைத் தொடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவன் மறுபடியும் போறேங்கறான். சொன்னா கேக்கல. நீதான் நிப்பியா?"

"நான்தாம்மா."

"இன்னொரு தடவ அவன் விழுந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பவும் உள்ளே போக மாட்டேம்மா. ஆனா அவன் வெளிய வர்ற வரைக்கும் அந்த இடத்த விட்டு அசைய மாட்டேன்."

அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்தபோது, "பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வா" என்றார். போனேன். பஸ் வருகிறவரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

நாளைக்குக் காலையில் சேகர் வேலைக்கு வருகிறான். எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. இருக்கட்டும். அம்மாவுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன், அந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். அவன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன், மச்சான். பதில் வருகிறவரை கூப்பிடுவேன்.

உன் தம்பியை இப்போது தன் தம்பியாகவும் வைத்திருக்கும்
உன் மச்சான்
தங்கராசு