சாம்பல் பார்க்கப் போனதில் போன இடம்

அன்புள்ள மகளுக்கு,

நான் இங்கு நலமாகவே இருக்கிறேன், நான்கு நாட்களாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவதால் முழங்கால் மட்டும் கொஞ்சம் முறையிடுகிறது. நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ நலமில்லை என்று தெரிந்துதானே கிளம்பினேன், அதனால் விழுங்கும்போது வலி நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் இருவரும் மூன்றாவது நிமிடம் சண்டையில் இறங்கிவிடுகிறோம். நேற்று நீ "நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவேன்மா, இல்லேன்னா தேதிய மாத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய், அதன்பிறகு எடுக்கவும் இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசிவரை படி.

எரிமலை வெடித்த செய்தியை நீயும் பார்த்திருப்பாய். மலையடியில் இருந்த ஊர்களையே காலி செய்துவிட்டார்களாம், வீடு வாசல் போனவர்களை நினைத்தால் நமக்கு நாற்காலியாவது கிடைத்ததே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் விமானம் மாற வேண்டிய இந்த ஊருக்கு வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் வானத்தை மூடிவிட்டார்கள். கதவை மூடுவது தெரியும், கடையை மூடுவது தெரியும், வானத்தை எப்படி மூடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது, அதைச் சொல்கிறேன். அறிவிப்புப் பலகை முழுவதும் மேலிருந்து கீழ்வரை ரத்து ரத்து என்று சிவப்பாக வந்தது. மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் குடித்தனம் போட்டுவிடுகிறார்கள் தெரியுமா? அரை நாளில் பெட்டிகளை வைத்து ஆளுக்கொரு வீடு கட்டிவிட்டார்கள், காலை நீட்டினால் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் போய் நிற்கிறது. போனுக்கு மின்சாரம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் படுத்தவர்களுக்கு எல்லோரும் மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள், நேற்றுவரை அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாளே வயதானவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் தனியாக ஒரு பேருந்தில் ஏற்றி, வேறு ஊர் விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் "ஆன்ட்டி, வீல்சேர்ல உக்காருங்க, உங்களையும் அனுப்பிடறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு எதற்கம்மா சக்கர நாற்காலி, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, அன்று உட்கார்ந்திருந்தால் இந்நேரம் உன் கட்டிலருகில் இருந்திருப்பேன். இது என் முதல் தவறு. இரண்டாவது இன்னும் பெரியது.

அந்தக் கவுன்ட்டர் திறக்கும்போதெல்லாம் ஒரே தள்ளுமுள்ளு, யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று அவர்களிடம் ஒரு பட்டியலும் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கைப்பையிலிருந்த நோட்டை எடுத்து, நின்ற வரிசைப்படியே இருபத்தொரு பேரை எழுதினேன். என் இடம் பதினைந்து. கான்வென்ட்டில் எங்களுக்கு வருகை எடுத்த மாதிரியே காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வரிசை எண்ணைக் கூப்பிடுவேன், இல்லாதவர் கடைசிக்குப் போக வேண்டும், காரணம் கேட்கப்படமாட்டாது, ஒருவர் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஓட்டலுக்குப் போய் இடமில்லாமல் திரும்பியவர்கள் மறுநாளிலிருந்து பின்னால் சேர்ந்து, இப்போது நூற்றுப் பன்னிரண்டு பேர். கவுன்ட்டர் பெண்ணே "எங்க கம்ப்யூட்டரவிட உங்க நோட்டுதான் ஆன்ட்டி கரெக்டா இருக்கு" என்றாள். எனக்கு ரிஜிஸ்டர் அம்மா என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள், சிலர் டீச்சரம்மா என்கிறார்கள், நான் டீச்சர் இல்லை என்று திருத்தித் திருத்தி விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் பழுது பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, சட்டையின் மேல் பொத்தான் இல்லை. அவர் இடம் ஆறு. முதல் நாள் ஐந்து மணிக்குக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். பட்டியலில் அவர் எண்ணை அடித்துவிட்டேன். அரை மணி கழித்துக் கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்று, "என்னம்மா, ஒரு தடவ கூப்பிட்டுட்டு அடிச்சிட்டீங்களே, கல்யாணத்துலகூட மூணு முடிச்சு போடறாங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. எங்கே போயிருந்தார் என்று கேட்கவும் இல்லை. இருபத்தொன்றாவது இடத்துக்குப் போனார். என் முன்னாலோ முதுகுக்குப் பின்னாலோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தினமும் இரண்டு வேளையும் முதல் ஆளாக வந்து, "உள்ளேன் டீச்சர்" என்று கையைத் தூக்குவார்.

இன்று மதியம் கவுன்ட்டரில் அறிவித்தார்கள், காற்று திசை மாறியதால் நாளைக் காலை உன் ஊருக்கு ஒரு விமானம் போகும், அதில் மீதமிருப்பது இருபது இடம், மாலை ஐந்து மணிப் பட்டியலில் முதல் இருபது பேருக்கு டிக்கெட். லிஃப்ட்காரர் பின்னால் போனதால் நான் அப்போது பதினான்காவது. உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சரி, நேரில் போய் நின்றுகொள்ளலாம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். நான்கு மணிக்கு வானிலைப் பிரிவு அலுவலர் ஒருவர் கவுன்ட்டருக்கு வந்தார். அவரைப் பிடித்து, வானத்தை மூடுவது யார், எதைப் பார்த்து மூடுகிறீர்கள் என்று கேட்டேன். பாவம், நான்கு நாளாகத் திட்டு மட்டுமே வாங்கிய மனிதர், ஒருத்தி கேள்வி கேட்கிறாளே என்று முகம் மலர்ந்துவிட்டது. "மேல வாங்கம்மா, காட்டறேன்" என்று மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார். ஜன்னல் விளிம்பில் கோலப்பொடி தூவியது போல் சாம்பல். விரலில் எடுத்தால் மாவு மாதிரிதான் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். அத்தனையும் உடைந்த கண்ணாடி, ஒவ்வொன்றும் ஊசி முனை. எஞ்சினுக்குள் போனால் அந்தச் சூட்டில் இது பாகு மாதிரி உருகி, உள்ளே சுழலும் தகடுகளில் போய் ஒட்டி இறுகிவிடுமாம், அப்புறம் எஞ்சின் மூச்சுவிடாதாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் வேறு வேறு சாம்பலாக மாற்றி வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்தே கால். இதுதான் அந்த இரண்டாவது தவறு.

கீழே ஓடிவந்தேன். நான் இல்லாவிட்டால் கூப்பிடச் சொல்லியிருந்த, எங்கள் வரிசையிலேயே இருக்கும் மருந்துக்கடை அம்மாள் கூப்பிட்டு முடித்திருந்தாள். என் எண்ணுக்கு நேரே வந்ததாகக் குறி. யார் போடச் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும்தான். மொதல்ல சொன்னது லிஃப்ட்காரர்" என்றாள். யோசித்துப் பார், நான் இல்லையென்றால் இருபத்தொன்றிலிருந்து இருபதுக்கு வந்து டிக்கெட் வாங்குபவர் அவர்தான். வியாழக்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று காலையில்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர்தான் "பொண்ணோட ஆபரேஷனுக்குப் போற அம்மா, குறி போடுங்க" என்றிருக்கிறார். அப்போதுதான் மருந்துக்கடை அம்மாள் சொல்லித் தெரிந்தது, முதல் நாள் அவர் காணாமல் போனது பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு சக்கர நாற்காலித் தாத்தாவை வெளியே எடுப்பதற்கு. ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே கேட்டேன். "சொன்னா விட்டிருப்பீங்களா?" என்றார். விட்டிருக்க மாட்டேன்.

நான் பேனாவை எடுத்து என் குறியை அடித்தேன். பெரிய கலவரமாகிவிட்டது. "என்னம்மா இது வீம்பு" என்று ஒருவர், "பொண்ணு அங்க காத்துக்கிட்டிருக்குல்ல" என்று இன்னொருவர். லிஃப்ட்காரர் அதனால் இருபதாவது ஆளாகித் தனக்குக் கிடைத்த டிக்கெட்டை என் நோட்டின் மேல் வைத்து, "நான் போகல, நீங்க போங்க" என்றார். இடத்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று எழுதியவளும் நானே. திருப்பிக் கொடுத்தேன். நான் இப்போது நூற்றுப் பன்னிரண்டாவது ஆள்.

வீம்பு என்று நீயும் சொல்வாய். ஓரளவு வீம்புதான், மறுக்கவில்லை. ஆனால் லிஃப்டில் ஒரு கிழவரை மீட்கப் போனவரை அடித்த கை, சாம்பல் வேடிக்கை பார்க்கப் போனவளை விட்டுவிட்டால், நான் உன் கட்டிலருகில் வந்து எந்த முகத்தோடு நிற்பேன்? என் தவறுக்கு நான் இன்னும் நான்கு நாள் இங்கே இருக்கலாம், உன் கழுத்தில் இருக்கும் கட்டி இருக்கக் கூடாது. புதன்கிழமை தேதியை விட்டால் மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதை நீதான் என்னிடம் சொன்னாய். ஆஸ்பத்திரியில் உன் அப்பாவை உள்ளே கொண்டுபோனபோது நான் கதவருகில்தான் நின்றேன், என் கண் முன்னால்தான் உயிர் போனது, என்னால் எதையும் பிடித்துவைக்க முடியவில்லை. நிற்பதால் ஒன்றும் நடப்பதில்லை, மகளே. டாக்டரின் கைதான் நடத்தும். இதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாமல் இருந்தது என் மூன்றாவது தவறு, அதனால்தான் நான் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய்.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து உன் அண்ணனுக்குப் பேசினாராம், அடுத்த துறைமுகம் வர ஒன்பது நாள் ஆகும் என்று வருத்தப்பட்டாராம். நீ அவரிடம் அழாமல் பேசு, நடுக்கடலில் இருப்பவர் என்ன செய்வார். அண்ணன் எனக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை போன் செய்து "சாப்பிட்டியாம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை, சாம்பலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. செவ்வாய் இரவு பத்து மணிக்குமேல் தண்ணீரும் குடிக்காதே. காது, மூக்கில் இருப்பதைக் கழற்றி அலமாரியில் பூட்டு. பருத்தித் துணி மட்டும் எடுத்துப் போ.

கடிதம் கொண்டுவருபவர் புதன் காலை ஆஸ்பத்திரி வாசலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. வேண்டாம் என்று அனுப்பிவிடாதே. அவரை எதிரே உட்கார வைத்துத்தான் இதைப் படித்திருப்பாய், முதலில் அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடு, விமானத்தில் ஒன்றும் தந்திருக்க மாட்டார்கள். அவர் போனில் எனக்கு ஒரு படம் அனுப்புவார், அதில் உன் முகம் வேண்டாம், அந்த ஆபரேஷன் படிவத்தில் உன் கையெழுத்து தெரிய வேண்டும்.

நீ நல்லபடியாகத் தேறி, தடையில்லாமல் விழுங்கி, வாய்விட்டுச் சண்டை போட்டு நூறு வருடம் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, முழுப் பெயர், முன்னெழுத்தோடு, கோட்டுக்குள், கிறுக்காமல்.

நூற்றுப் பன்னிரண்டாவது இடத்திலிருந்து,
உன் அம்மா