உச்சி வெயிலில் எடுத்த பேய்ப்படம்

சிவப்புச் சேலை கொடியில் காய்கிறது. துவைக்கும்போது மணல் வந்தது, அலசிய பிறகும் வந்தது. வெயில் ஏற ஏற, ஈரத் துணியிலிருந்து கஸ்தூரி மஞ்சளும் ஆற்றுச் சேறும் கலந்த வாடை கிளம்புகிறது. உன் படத்தின் வாடை அது. மாடிக்கு வந்த கீழ்வீட்டு அக்கா மூக்கைச் சுளித்து, "என்னட்டி, ஆத்தையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டவுணில் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த என்னைப் பேயாக்கியவன் நீ. கல்லூரியில் ஒன்றாகப் படித்த உரிமையில் கடைக்குள் நுழைந்து, சேலை எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாய்.

"ஏட்டி, படத்துக்கு ஒரு இசக்கி வேணும். நீதான் சரியா இருப்ப."

"எதுக்குலே என்னைய?"

"உம்மூஞ்சியில எப்பவும் ஒரு கோவம் நிக்கும்லா. அதுக்குத்தான்."

சூப்பர்வைசர் முறைத்தார். நீ அசையவில்லை. சாயம் ஒட்டிய பழுதுச் சேலை ஒன்றை அங்கேயே எடுத்துக்கொண்டு, "இதான் பேய்க்குச் சேலை" என்று அவரிடமே பில் போடச் சொன்னாய்.

நம்மிடம் தயாரிப்பாளர் இல்லை, விளக்குகள் இல்லை. இருந்தது கல்யாண வீட்டு வீடியோ எடுக்கும் செல்வமும் அவன் கேமராவும்தான். ராத்திரி இல்லாமல் எப்படிப் பேய்ப்படம் எடுப்பது என்று செல்வம் கவலைப்பட்டான். நீ சிரித்தாய். "உச்சி வெயில்லயும் பேய் நடமாடும்னு நம்ம ஊர்க்காரனுக்குத் தெரியும்லே. மத்தவனுக்குத்தான் இருட்டு வேணும்." அப்படித்தான் படம் முழுக்க நடுப்பகல் ஆனது. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் நேரத்தில், முகமெல்லாம் மஞ்சள் அப்பி, தலைவிரி கோலமாக நான் ஆற்றங்கரையில் நின்றேன். பயப்படுத்த வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

உன் ஊர் ஆற்று வளைவுதான் கதை. வருடம் தவறாமல் யாராவது அங்கே மூழ்கிப் போவார்கள். முன்னொரு காலத்தில் அங்கே செத்த பெண் இசக்கியாகி ஆளை இழுக்கிறாள் என்பது ஊரின் நம்பிக்கை. உன் கதையில் அவள் இழுப்பதில்லை. மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் வாய் திறந்து கிடக்கின்றன. அங்கே போகாதே என்று சொல்லத்தான் அவள் கையை உயர்த்துகிறாள். பார்த்தவர்கள் பயந்து ஓடுகிறார்கள். ஓடி, குழிக்குள்ளேயே விழுகிறார்கள்.

"அப்ப வில்லன் யாருலே?" என்று செல்வம் கேட்டான்.

"கோயில்ல மொத மரியாதை வாங்குதாரே, அவருதான்."

மணல் அண்ணாச்சியைத்தான் சொன்னாய். அவர் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. லாரிகளில் எழுதியிருக்கும், வாசித்துக்கொள்வார்கள்.

நாம் சிரிக்காமலும் இல்லை. ஒருநாள் வேஷத்தோடு மருத மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். துவைக்க வந்த பிச்சம்மாக்கா, காய்ச்சல் கண்ட பேரப்பிள்ளையை என் காலடியில் கிடத்தித் திருநீறு கேட்டாள். "டாக்டர்ட்ட கொண்டு போங்கக்கா" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து, "ஆத்தாளே டாக்டர்ட்டப் போகச் சொல்லிட்டா" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நீ மணலில் விழுந்து புரண்டு சிரித்தாய். பிறகு திடீரென்று முகம் மாறி, "டாக்டர் சொன்னா கேக்க மாட்டாவ, பேய் சொன்னாத்தான் கேப்பாவன்னா, என்ன ஊருட்டி இது?" என்றாய்.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. இசக்கி ஒரு மூங்கிலோடு ஆற்றுக்குள் இறங்கிக் குழியின் ஓரத்தில் அதை நட வேண்டும். கரையைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். ஒருவரும் வராமல் அவள் தண்ணீருக்குள் திரும்பிப் போக வேண்டும். செல்வம் சாப்பாடு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். நான் இறங்கப் போனேன். நீ மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டாய். "நில்லுட்டி. மொதல்ல நான் ஆழம் பாத்துட்டு வாரேன்."

பிறந்தது முதல் நீந்திய ஆறு உனக்கு. ஆனால் அதன் அடிவயிறு மாறிவிட்டது. நீ நின்ற இடம் அப்படியே சரிந்தது. ஒருமுறை தலை தெரிந்தது, மூங்கில் தனியாக மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. முந்தானையை அவிழ்த்து வீசினேன், உன் கை வரைக்கும் எட்டவில்லை. கரையேறி ஓடினேன். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள், பிச்சம்மாக்காவும் இருந்தாள். பைக்கில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். "காப்பாத்துங்க! ஆத்துக்குள்ள ஆளு கெடக்கு!" என்று கத்தினேன்.

அவர்கள் பார்த்தது என்னை அல்ல. உச்சி வேளை, சிவப்புச் சேலை, மஞ்சள் முகம், விரித்த தலை, கையை ஆட்டிக் கூப்பிடும் ஒருத்தி. "ஏ ஆத்தா, இசக்கி வாராளே!" என்று ஒருத்தி அலறினாள். துணியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். பைக் திரும்பிப் போனது. நான் கூப்பிடக் கூப்பிட ஓடினார்கள்.

உதவிக்கு ஆள் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சாமியாடும் கோமரத்தாடியை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் என் முகத்தில் மஞ்சத்தண்ணியை அடித்து, "யாரு நீ?" என்றான்.

"துணிக்கடையில வேலை பாக்குதேன். ஆத்துக்குள்ள ஆளு கெடக்கான்வே, இறங்குங்கவே!"

"யாரக் கொண்டு போன, சொல்லு" என்று கேட்டு வேப்பிலையால் அடித்தான்.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த செல்வம்தான் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஆற்றில் குதித்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போலீஸில் தவறி விழுந்தாய் என்று எழுதினார்கள். ஊர் வேறு மாதிரிப் பேசியது. இசக்கியை வைத்துப் படம் எடுத்தான், இசக்கி கொண்டு போய்விட்டாள் என்றது. அவள் மேல் பழி இல்லை என்று சொல்ல வந்தவன் நீ. உன் சாவையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். என்னால் தாங்க முடியாதது அதுதான். பாதியில் நிற்கும் படத்தை முடிக்காவிட்டால் ஊர் சொன்னதே கதை என்று ஆகிவிடும். செல்வத்திடம் சொன்னேன். அவன் கேமராவைத் தொடவே பயந்தான்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தாள். பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசியிருப்பாள், கத்தரிச் சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழம அவனுக்குப் பீடம் போடுதாவ தாயி. அண்ணாச்சிதான் எல்லாம் பாத்துக்கிடுதாரு. நீ வந்துரு."

அகாலத்தில் செத்தவர்களை நம் பக்கம் சும்மா விடுவதில்லை. வெட்டுப்பட்டவன், அடித்துக் கொல்லப்பட்டவள், எல்லோருக்கும் ஒரு பீடம் கட்டிச் சாமியாக்கிவிடுவோம். "கொல்லுததும் இவனுவதான், கும்பிடுததும் இவனுவதான். சாமியாக்கிட்டா ஏன் செத்தான்னு ஒருத்தனும் கேக்க மாட்டாம்லா" என்பாய். உனக்கே அது நடக்கும் என்று நினைத்திருப்பாயா?

லாரிகள் ஆற்றுக்குள் திரும்பும் முனையில் உன் பீடம் நிற்கிறது. சுண்ணாம்பும் காவியும் அடித்திருக்கிறார்கள். பொங்கல் வைத்து முடிந்ததும் முதல் லாரி வந்தது. டிரைவர் இறங்கி உன் முன்னால் தேங்காய் உடைத்தான், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான், நசுக்கிக்கொண்டு மணல் அள்ளப் போனான். நீ இப்போது மணல் லாரிக்குக் காவல் தெய்வம்.

"தம்பி நம்ம ஊருக்கே காவலா இருப்பாம்மா" என்றார் அண்ணாச்சி, நெற்றி நிறையத் திருநீறோடு.

"ஊருக்கா அண்ணாச்சி? ஒங்க லாரிக்கா?"

அவர் சிரித்தபடியே இருந்தார். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடு தாயி. நாலு பேரு கும்பிடுதாவள்லா. எம்புள்ள பேரு நெலச்சிருக்கும்." அவளிடம் சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு மிச்சம் அந்தக் கல் ஒன்றுதான்.

ஆனால் செல்வம் அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பைக்கைக் கிளப்பி, "ஏறுட்டி" என்றான். தொடப் பயந்த கேமரா அவன் தோளில் தொங்கிய பையில் இருந்தது; சேலையும் மஞ்சளும் நான் கொண்டு வந்திருந்தேன். அதே வளைவு, அதே உச்சி வெயில். சேலையைக் கட்டினேன், மஞ்சளை அப்பினேன். செல்வம் என் இடுப்பில் கயிறு கட்டி மருத மரத்தில் முடிந்தான். ஒரு மூங்கிலோடு இறங்கினேன். குழியின் விளிம்பில் அதை ஊன்றிவிட்டுக் கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

அங்கே பிச்சம்மாக்கா நின்றிருந்தாள், வாளியோடு. என்னைப் பார்த்துவிட்டாள். அவள் ஓடுவதற்காகக் காத்திருந்தேன். வாளி கீழே விழுந்தது. ஆனாலும் அவள் தண்ணீரோரம் வந்தாள்.

"ஏட்டி, அங்கன குழி கெடக்கு! பைய... பைய இங்கன வா!"

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு கரையேறினேன். என் கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஈர மணலில் என் பாதம் பதிந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்குக் கூப்பிட்டதும் நீதானா?"

"நான்தாங்க்கா."

அப்படியே மணலில் உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். செல்வம் கேமராவை நிறுத்தவில்லை.

நீ எழுதிய முடிவு இது இல்லை. உன் இசக்கி யாரும் வராமல் திரும்பிப் போவாள். அதை மாற்றிவிட்டேன், திட்டுவதாக இருந்தால் திட்டு. அந்தக் காட்சியைப் படத்தில் வைக்கலாமா என்று பிச்சம்மாக்காவிடம் கேட்டேன், வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். படம் அவள் கேள்வியோடு முடிகிறது.

லாரிகள் இன்னும் போகின்றன. மூங்கில் நிற்கிறதா, தெரியாது. சேலை காய்ந்துவிட்டது. மடித்தபோது தையலுக்குள்ளிருந்து மறுபடியும் மணல் உதிர்ந்தது. அதை அண்ணாச்சியால் அள்ள முடியாது. இனிமேல் இந்தச் சேலையைத் துவைக்க மாட்டேன்.